இரண்டு நிமிடத்தில் மூடும் பக்கம்

அலுவலகத்தில் அவருக்கு வௌவால் என்று பெயர். திரையை அணைத்துவிட்டுக் காதில் ஹெட்போனோடு வேலை பார்ப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பார்வையற்றவர்களுக்குக் கணினி தன் குரலில் இணையப் பக்கங்களை வாசித்துக் காட்டும். ஓர் ஆஸ்பத்திரியின் முன்பதிவுப் பக்கத்தை அவரும் அப்படியே கேட்டுச் சோதித்து, சரி என்று எழுதிக் கொடுத்திருந்தார். யாரும் சொல்லித் தராமல் பதினொரு வருடம் பழகிய வேலை.

அந்தப் பக்கத்தில் திணறுபவர்கள் உதவிக்கு அழைக்கும் தொலைபேசியும் அவர் மேசையில்தான். செவ்வாய் தோறும் தையலக்கா அழைப்பார். அறுபது வயதுவரை துணி தைத்தவர். பார்வை போய் இரண்டு வருடம்; வாரம் ஒருமுறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"தம்பி, இன்னைக்கும் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிடுச்சு உங்க பக்கம்."

"நானே பதிவு போட்டுத் தரேன்க்கா. அதே பத்து மணிதானே?"

"அதேதான். சாப்டீங்களா?"

"ஆச்சு."

"என்னத்த ஆச்சு? குரலே பசிக்குதுங்குது."

வாரம் முழுவதும் வேலையைத் தவிர வேறொன்றை அவரிடம் கேட்கும் குரல் அது ஒன்றுதான்.

ஒரு செவ்வாயன்று அக்காவின் கணினி பேசுவது போனில் கேட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு விட்டது.

"ஏன்க்கா இவ்ளோ மெதுவா வெச்சிருக்கீங்க?"

"இப்பதானே பழகறேன். வேகமா வெச்சா ஒரு வார்த்தையும் காதுல நிக்க மாட்டேங்குது."

அவருக்கு உறைத்தது. பழகிய காதோடு மூன்று மடங்கு வேகத்தில் கேட்டு, ஒரே நிமிடத்தில் பதிவை முடித்துவிடுவார். பக்கம் இரண்டு நிமிடத்தில் தானாக மூடிக்கொள்வது அவர் சோதனையில் தெரியவே இல்லை. அக்காவுக்கோ அதற்குள் டாக்டர்கள் பட்டியலே முடியாது.

அரை மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய திருத்தம்தான். "பாக்கறேன்க்கா" என்று இரண்டு வாரம் கடத்தினார். பக்கம் சரியானால் போன் எதற்கு வரும்?

மூன்றாம் வாரம் அக்கா சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் உங்க கையப் புடிச்சுக்கிட்டே போறது ஒரு மாதிரியா இருக்கு தம்பி. தப்பா நெனைக்காதீங்க."

அன்றே அந்த இரண்டு நிமிடக் கெடுவை நீக்கினார். அக்காவின் வேகத்தில் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுப் பார்த்தார். பதினான்கு நிமிடம் ஆனது. பக்கம் மூடவில்லை.

அடுத்த செவ்வாய், பத்து மணி வரிசையில் அக்காவின் பெயர் இருந்தது. அக்காவே போட்டது.

மதியம்வரை போன் வருகிறதா என்று பார்த்துவிட்டு, தன் மேசை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். லைன் சரியாகத்தான் இருந்தது.