திரும்பி வந்த உறையின் முத்திரை

ஞாயிற்றுச் சந்தையில் பழைய தபால்தலை விற்கும் அந்த ஒல்லி மனிதர், லென்ஸைக் கண்ணருகே வைத்ததும் மூச்சை அடக்கிக்கொண்டார். அவர் பார்த்தது, நான் கொண்டுபோயிருந்த உறையை; பிரெஞ்சுப் படையில் வியட்நாமின் சைகோனிலிருந்த மாமாவுக்கு அம்மா எழுதிய கடிதம் அது. அம்மாவின் கல்யாணம் பிடிக்காமல் பேச்சை நிறுத்தியவர் மாமா. கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. பிறகு மாமா சண்டையில் இறந்துபோனார். தன் அண்ணன் அதை வாங்க மறுத்துவிட்டார் என்றே அம்மா இத்தனை காலமும் நம்பியிருந்தாள்.

"மறுத்தா இந்த முத்திரை குத்த மாட்டாங்க சார். பட்டாளம் இடம் மாறிட்டுது, ஆளு கெடைக்கலன்னு குத்தியிருக்காங்க. அவரு கைக்கே போவல."

"நான் சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க."

அவர் கடையைப் பக்கத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் அவர் சொல்லச்சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அண்ணன் வேணாம்னு சொல்லலியா?"

"சொல்லவே இல்லம்மா."

அன்று அம்மா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முன்பின் தெரியாத எங்களுக்காக அவர் ஏன் வியாபாரத்தை விட்டு வந்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.