பையன் வீட்டுத் தாலி

இன்று மாமல்லபுரம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு கூறைப்புடவை. மகளுக்குக் கல்யாணமா என்று கேட்டேன்.

“போட்டோவுக்குப்பா. லவ் பண்ண பையனோட சேர்ந்து போன வருசம் செத்துப்பூட்டா. அடங்காத ஆவியா, பூவாடைக்காரியா வந்து வூட்டையே பேஜாரு பண்றா. ரெண்டு போட்டோவுக்கும் கல்யாணம் பண்ணிப் படைக்கப் போறோம். தாலி பையன் வூட்ல எடுத்தாராங்க.”

“உயிரோட இருக்கும்போதே பண்ணியிருக்கலாமே?”

“இன்னாப்பா பேசுற? அவன் வேற சாதி.”

கல்லூரியில் படித்த பழைய துன்பியல் நாடகத்திலும் பிள்ளைகள் செத்த பிறகுதான் இரண்டு குடும்பமும் கைகோக்கும். யார் பொறுப்பு என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினேன்.

இறங்கும்போது அவர் சொன்னார்: “சின்னவ ஒருத்தி கீறா. அக்கா ஆசீர்வாதம் பண்ணாத்தான் நம்ம சாதியில நல்ல எடமா அமையும்.”

சின்னவளைத் தெரிந்தவர்கள் யாராவது, ஊரை விட்டுப் போகும் முதல் பேருந்து எப்போது என்று அவளிடம் சொல்லி வையுங்கள்.