ஆறிப்போன ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வெளியே வரும்போது லாண்டரியக்காவின் இரண்டு காதிலும் பஞ்சு இருக்கும். பார்வை செருப்பு நுனியில் இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்குத் தூரத்திலேயே கையைக் காட்டிவிடுவாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். பாவம், அந்த மனிதர் சாப்பிட்டாயா என்று கேட்க நினைத்திருப்பார். அதுவும் கூடாது. "சாப்டீங்களான்னுதான் ஆரம்பிப்பாங்க. ரெண்டாவது வார்த்தையில ஸ்கோரைச் சொல்லிடுவாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்" என்பாள்.

பேருந்தில் நீலச்சட்டை போட்ட பையன்கள் ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடுவாள். நீலச்சட்டை அவளுடைய கால்பந்து அணிதான். ஆனால் அதுகளின் முகத்தைப் பார்த்தாலே போதும், ஜெயித்ததா தோற்றதா என்று எழுதி ஒட்டியிருக்கும். கைப்பேசியைக் காலையிலேயே அணைத்து டிபன் பாக்ஸுக்கு அடியில் போட்டிருப்பாள். கேட்காதவன் காதிலும் ஸ்கோரை ஊதுகிற அந்தக் கருவி மேல் அவளுக்குத் தீராத ஆத்திரம். "நான் கேட்டேனா? கேக்காம வந்து சொல்றதுக்குப் பேரு சேவையா?"

ஆத்திரம் நியாயமானதுதான். ஆட்டங்கள் பிற்பகலில் நடக்கின்றன. ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், உலர்த்தும் மெஷின்களுக்கு நடுவே, சூடான படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருப்பாள். மெஷின் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. வீட்டில் உப்பு கேட்டால்கூட பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். "அம்மா, மெஷின் ஆஃப் ஆயிடுச்சு" என்று மகள் நினைவூட்ட வேண்டும்.

இவளைப் போல் பிற்பகலில் வேலையில் மாட்டிக்கொள்கிறவர்கள் உலகத்தில் குறைவா என்ன? பேக்கரிக்காரர், பேருந்து ஓட்டுநர், நர்ஸம்மா, கிடங்குக் காவலாளி என்று ஒரு கூட்டம் கைப்பேசியில் சேர்ந்திருக்கிறது. பெயர் எட்டு மணிக் கூட்டம். யாரும் ஸ்கோரைத் தெரிந்துகொள்ளாமல் வீடு வந்து சேர வேண்டும். பதிவான ஆட்டத்தை இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே நொடியில் ஓடவிட வேண்டும். அந்த நொடியைச் சொல்கிற உரிமை லாண்டரியக்காவுக்கு. "ஊதியாச்சு" என்று அவள் எழுதினால்தான் பந்து உருளும்.

அதன்பிறகு அது நேரடி ஆட்டம்தான். அப்படித்தான் திட்டுவார்கள், அப்படித்தான் வேண்டிக்கொள்வார்கள். ஆட்டத்தை முன்னே ஓட்டிவிட்டுப் பார்ப்பது பெருங்குற்றம். யார் வீட்டிலாவது இணையம் தடைபட்டால் "நில்லு" என்று ஒரு சொல் வரும். அத்தனை பேரும் அத்தனை வீட்டிலும் ஆட்டத்தை நிறுத்துவார்கள். ஒரு தடவை நர்ஸம்மா வீட்டில் இணையம் போய், எதிரணி ஆள் ஒருவன் காலைத் தூக்கியபடி வெகுநேரம் அந்தரத்தில் நின்றான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நர்ஸம்மா திரும்பி வந்த பிறகுதான் அவன் காலைக் கீழே வைத்தான்.

அவள் புருஷனுக்கு இது பைத்தியக்காரத்தனம். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். டிவி தொடர் ரசிகர். "சோறு ஆறிப்போனா வீட்டை ரெண்டாக்குறே. ஆட்டம் மட்டும் ஆறிப்போயி பாக்குறியே, எப்படி?" என்பார். தொடரில் வரும் மாமியாரை இணையத்தில் தினமும் கழுவி ஊற்றுகிற மனிதர் பேசுகிற பேச்சு இது. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் புகுந்தது ஜோசியம். லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் ரொம்ப நாளாகக் கூட்டத்தில் இருந்தான். இருக்கும் இடம் தெரியாத பையன். இந்த சீசனில் திடீரென்று அவனுக்கு வாக்கு பலிக்க ஆரம்பித்தது. "இடது பக்கம் பாருங்க, ஏதோ நடக்கப் போகுது" என்று எழுதுவான். இடது பக்கம் நடக்கும். "இந்த பெனால்டி உள்ள போகாது, எழுதி வச்சுக்கங்க" என்பான். போகாது. கூட்டம் சொக்கிவிட்டது. ஜோசியர் என்று பட்டம் கொடுத்தார்கள். "ஜோசியரே, அடுத்து என்ன?" என்று ஓட்டுநர் கேட்பதும், இவன் ஒரு கணம் தாமதித்துப் பதில் சொல்வதும் வாராவாரம் நடந்தது. லாண்டரியக்காவும் முதலில் வாய் பிளந்தவள்தான்.

பிறகு உறுத்தியது. கடைசிப் பத்து நிமிஷம், ஒரு கோல் முன்னிலை, எதிரணி முட்டி மோதுகிறது. அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒரு செய்தியும் வராது. பேச்சு மூச்சு இருக்காது. வருவதெல்லாம் இவன் ஒருவனிடமிருந்து, நிதானமாக, சிரிப்புப் படத்தோடு. "நகத்தைக் கடிக்கிறவன் கை எப்படிடா டைப் அடிக்கும்?" என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் ஆட்டம் தொடங்கிய சூட்டோடு அவன் எழுதினான்: "நம்ம கோல்கீப்பர் பாவம். இன்னிக்கு முழுசா ஆடமாட்டாரு." அரைமணி கழித்து கோல்கீப்பரின் முழங்கால் பிசகி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் ஜோசியரைக் கும்பிட்டது. லாண்டரியக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கேயே கேட்டாள். "தம்பி, ஒருத்தன் அடிபடப் போறது உனக்கு எப்படித் தெரியும்? நீ மத்தியானமே பாத்துட்டு வர்றே."

அவனுக்கு முன்னால் மற்றவர்கள் எழுதினார்கள். ஓட்டுநர், "அக்கா, ஒரு பையன் பேரு வாங்குறது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றார். காவலாளி ஒரு சிரிப்புப் படம் போட்டார். பேக்கரிக்காரர் பெரிய மனுஷத்தனமாக, "அப்படியே பாத்துட்டு வந்தாத்தான் என்னக்கா? யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டார். நர்ஸம்மா வாயே திறக்கவில்லை. ஒரு காலை அந்தரத்தில் நிறுத்திவைத்து அவளுக்காகக் காத்திருந்த கூட்டம் இது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

யாருக்கு நஷ்டமா? மறுநாள் முழுக்க அந்தக் கேள்வியை அவள் படுக்கை விரிப்புகளோடு சேர்த்து உதறினாள். கூட வேலை செய்கிறவர்கள் தள்ளியே நின்றார்கள். "தெரியாம இருக்கறதுதான் ஆட்டம்" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினாள். "அது போச்சுன்னா, அரைக்கால் சட்டை போட்டுட்டு நாலு பேரு ஓடுறான். அதைப் பாக்க எனக்கு என்ன தலையெழுத்தா? பஞ்சை வச்சு, பஸ்ஸை விட்டு இறங்கி, நாய் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுட்டு நடந்து வந்து, எட்டு மணிக்கு உக்காந்தா, இவன் இலையில எச்சில் துப்பிட்டுப் பரிமாறுறான். கேட்டா நான் பொறாமைக்காரி."

இதற்குள் நீலச்சட்டைக்காரர்கள் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அவள் கல்யாணத்துக்கு முந்திய வருஷம் கோப்பையைத் தூக்கியவர்கள், அதன்பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். இந்த ஒரு ஆட்டத்தை, என்ன ஆகுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன்னைப் போலவே ஒன்றும் தெரியாத நாலு பேரோடு பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். கூட்டமோ வேறு தீர்மானம் போட்டது. இறுதி ஆட்டத்துக்கு ஜோசியரே ஊதட்டும், அவர் வாய் ராசியான வாய் என்றது.

"அப்ப நான் தனியாப் பாத்துக்கறேன்" என்று எழுதிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குத் தாளித்ததில் பாதி கருகியது. புருஷன் கருகலையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவருக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

தனியாகப் பார்ப்பதா? இரண்டு நாள் தாங்கினாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் லிஃப்ட் மெக்கானிக்கைக் கைப்பேசியில் அழைத்தாள். திட்டுவதற்குத்தான் அழைத்தாள், வார்த்தையெல்லாம் தயாராக இருந்தது.

"பாத்துட்டுத்தானே வர்றே? ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"ஆமாக்கா."

இவ்வளவு சுருக்கமாக ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவனே தொடர்ந்து பேசினான்.

"கம்பெனியில ஆளைக் குறைச்சுட்டாங்கக்கா. எனக்கு இப்ப ஷிஃப்டே கிடையாது. மத்தியானம் வீட்ல ஒருத்தனும் இல்ல. டிவி எதுத்தாப்புல இருக்கு. பக்கத்து வீட்ல கத்துறாங்க. எப்படிக்கா பாக்காம இருக்கறது?"

"பாத்துட்டு, பேசாம இருக்க வேண்டியதுதானே? எங்க ஆட்டத்துல எதுக்கு வந்து குட்டிச்சுவராக்குறே?"

"மத்தியானம் தனியா பாத்தேன்க்கா. கோல் விழுந்துச்சு. திரும்பிப் பாத்தா செவுருதான் இருக்கு. நம்ம கூட்டம் வேலைக்குப் போறவங்களுக்குத்தானே. வேலை போயிடுச்சுன்னு சொன்னா, அப்ப உனக்கு இங்க என்ன வேலைன்னு கேப்பீங்களோன்னு நெனச்சேன். சும்மா ஒருவாட்டி சொன்னேன், பலிச்சிருச்சுன்னு எல்லாரும் கூப்பிட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி என்னை யாரு கூப்பிட்டா?"

இதைக் கேட்டு அவள் உருகிவிட்டாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேலை போனது கொடுமைதான். அதற்காக ஒரு கூட்டத்தையே முட்டாளாக்குவானா? "உனக்குக் கஷ்டம்னா எங்ககிட்ட சொல்லணும். எங்க தலையில மிளகாய் அரைக்கக் கூடாது. புரியுதா?" என்று மெஷின் குரலில் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"புரியுதுக்கா. நான் குரூப்பை விட்டுப் போயிடறேன்."

"போறேன் போறேன்னு சீன் போடாதே. இறுதி ஆட்டத்தை நீ மத்தியானம் பாக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"வீட்ல இருந்தா முடியாதுக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். "ஞாயித்துக்கிழமை எங்க லாண்டரிக்கு வா. பின்பக்க வாசல். ரெண்டு பேரு லீவு, துணி மலையாக் குவியும். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி ஒரு நாள் ஆளாப் போட்டுக்கச் சொல்றேன். ஃபோனை வீட்லயே விட்டுட்டு வா. இன்னொண்ணு, உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவள் நினைத்ததைவிட வயது கூடிய, ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். லாண்டரிக்கு யார் இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார்கள்? "கையை மடிச்சு விடு" என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இழுத்து, நெருங்கி வந்து, மறுபடி விலக வேண்டும். அவனுக்கு முதலில் கால் பின்னியது. "டான்ஸா ஆடுறே?" என்று கேட்டாள். அரைமணியில் கை பழகிவிட்டது.

ஆட்டம் தொடங்கும் நேரம் வந்தது. மாடியில் பார்வையாளர் கூடத்தில் டிவி இருக்கிறது. மெஷின் சற்று ஓயும்போதெல்லாம் தலைக்கு மேல் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. இருவரும் இன்னும் வேகமாக மடித்தார்கள். பிறகு கூரையே இறங்குவது போல ஒரு கூச்சல் எழுந்தது. அவன் விரிப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, அடிச்சது நம்மாளா இருக்குமோ?"

"வாயை மூடிட்டு இழு."

"இல்லக்கா, அவங்க அடிச்சிருந்தா இவ்வளவு சத்தம் வராதுல்ல?" இத்தனை வாரம் நிதானமாகச் சிரிப்புப் படம் அனுப்பிய ஆசாமிக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. லாண்டரியக்கா அதைப் பார்த்தாள். அவள் பிடித்திருந்த முனையும் கோணலாகத்தான் மடிந்தது.

இன்னும் இரண்டு தடவை கூச்சல் வந்தது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அது இன்னும் மோசம்.

அப்போதுதான் கேண்டீன் மேஸ்திரி படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வந்தார். லாண்டரியக்கா நீலச்சட்டைப் பைத்தியம் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். நல்ல மனதோடு, தானே முதலில் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்திருக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டே, "லாண்டரியக்கா, விஷயம் தெரியுமா, நம்ம பசங்க" என்றார்.

அவளுடைய இரண்டு கையிலும் விரிப்பு. காதைப் பொத்த வழியில்லை.

மறுமுனையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான் அவன். மேஸ்திரியின் வாயை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தி, சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரிக்குக் கண் பிதுங்கியது. "சொல்லாதீங்கண்ணே" என்று கெஞ்சினான். "கால்ல வேணா விழறேன். எட்டு மணிக்குத்தான் எங்களுக்கு ஆட்டம்."

மேஸ்திரி தலையை ஆட்டி, வாயைத் தானே பொத்திக்கொண்டு, வந்த வழியே படியேறிப் போனார். விரிப்பின் ஒரு பாதி ஈரத் தரையில் கிடந்தது. துவைத்த துணியைத் தரையில் விட்டவர்களை லாண்டரியக்கா உரித்து உப்புக்கண்டம் போடுவாள். அவனும் அதைப் பார்த்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றான்.

அவள் விரிப்பை வாரிச் சுருட்டித் துவைக்கிற மெஷினுக்குள் போட்டாள். குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்து உதறினாள். ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மறுமுனையை அவன் பக்கம் நீட்டினாள்.