எட்டு மணி வண்டியில் போன இரண்டாம் பக்கம்

சூடான மணலில் வறுத்த கடலை உள்ளே விழுந்ததும் தாளும் தன் பங்குக்கு ஒரு வாசனை விடும். செய்தித்தாளுக்கு ஒரு வாசனை, பரீட்சைத் தாளுக்கு வேறொன்று, பழைய கணக்கு நோட்டுக்கு இன்னொன்று. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் அம்மா கடலை வறுத்து விற்க, பக்கத்தில் உட்கார்ந்து "பொட்டலம்" சுற்றியே வளர்ந்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டே இது இன்ன தாள் என்று சொல்லிவிடுவேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டதால், முழுதாகப் படித்த பாடம் அது ஒன்றுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, புதுக்கோட்டைப் பழைய பேப்பர் கடையிலிருந்து அம்மா எடைக்கு வாங்கி வந்த தாள்கட்டுக்குள், அதுவரை நான் மோந்தே பார்க்காத தாள்கள் கிடந்தன. மஞ்சள் பாய்ந்த கனத்த தாள்கள், ஐந்தைந்தாகக் கோடுகள், கோடுகளின் மேல் வால் முளைத்த கடுகுபோலக் கறுப்புப் புள்ளிகள். அம்மா ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "கெட்டியா இருக்குடி. சூடு கையில தெரியாது" என்றாள். எங்களுக்கு அது போதும்.

தாள் பொறுக்குவது என் வேலை. பேனாவோ பென்சிலோ பட்ட தாளை நாங்கள் "அழுக்குத் தாள்" என்போம். அதை முதலில் தள்ளிவிட்டு, சுத்தமான அச்சுத் தாளை மதிப்பான ஆட்களுக்கு வைத்திருப்பது வழக்கம். அந்தக் கட்டுக்குள் ஒரு தாளில் புள்ளிகளுக்கு மேலெல்லாம் பென்சிலில் எண்கள், அடித்தல், திருத்தல், ஓரத்தில் அம்புக்குறிகள். ஒரு சனிக்கிழமை காலை கடை விரித்ததும் முதலில் அதைத்தான் உருவினேன். எட்டு மணி வண்டி கண்டக்டருக்கு அதில்தான் கடலை போனது.

பத்து மணிக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து கடலை கேட்டார். கூடவே பாவாடை தாவணியில் ஒரு அக்கா. பொட்டலத்தைக் கையில் வாங்கியவர் கடலையை அப்படியே மடியில் கொட்டிக்கொண்டு தாளை விரித்தார்.

"ஏம்மா, இது ஒங்களுக்கு எங்கிட்டுக் கெடச்சுச்சு?"

அம்மா சட்டென்று எழுந்துவிட்டாள். "எடை போட்டு வாங்குனதுங்க. களவாண்டது இல்லைங்க."

"ஐயோ, ஒங்களச் சொல்லலம்மா. வீடு மாத்துறப்ப பழைய பேப்பரோட சேத்து இதையும் வண்டியில ஏத்தி அனுப்பிட்டாங்க. பத்து நாளா தேடுறேன்."

அவர் புதுக்கோட்டையில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஸ்டெல்லா டீச்சர். அந்தப் புள்ளிகளெல்லாம் பியானோவில் வாசிக்கும் பாட்டாம். அந்த அக்கா, ஆலங்குடிக்குப் பக்கத்திலிருந்து அவரிடம் படிக்கப் போகும் கலா. புது வீட்டுக்குப் பியானோ இன்னும் வந்து சேரவில்லை என்பதால் டீச்சர் கலா வீட்டுக்கே வந்து கீபோர்டில் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்த கட்டை அம்மா கொண்டுவந்து சிமெண்டு பெஞ்சில் வைத்தாள். டீச்சர் தாள்களைப் பிரித்து அடுக்கினார். என்னைப் போலவே அவரும் பொறுக்கினார். ஆனால் கனமா, மெலிசா என்று தடவிப் பார்க்கவில்லை. "இது பெரிய கைக்காரங்களுக்கு. எட்டிப் பிடிக்கணும்." அடுத்தது. "இது பரீட்சைக்கு மட்டும். வாசிச்சா பாஸ், கேட்டா தூக்கம்." கலா சிரித்துவிட்டாள். இன்னொன்றைக் கையில் எடுத்ததும் டீச்சரின் பேச்சு நின்றது. விரல்கள் மடிமேல் தானாக ஆடின. தாளைப் பார்த்தே சிரித்தார். "இது யாருக்கும் கிடையாது. எனக்கே எனக்கு" என்று தனியாக வைத்துக்கொண்டார். தாளைப் பார்த்து ஒருவர் அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பிறகு அவர் முகம் மாறியது. கட்டை இரண்டு முறை புரட்டினார். "கலா, ஒன்னோட ரெண்டாம் பக்கத்தக் காணோம்."

கலா இடது கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தக் கையில் சுண்டுவிரல் இல்லை. சிறு வயதில் பம்புசெட் பெல்ட்டில் போனது என்று பிறகு தெரிந்தது.

"வேற வாங்க முடியாதாங்க?" என்றாள் அம்மா.

"அச்சடிச்சது கெடைக்கும். அது அஞ்சு வெரலுக்கு எழுதுனதும்மா. நான் என் சுண்டுவெரல மடக்கிக்கிட்டு, வரி வரியா வாசிச்சுப் பாத்து, இவளுக்காக மாத்தி எழுதுனேன். மூணு மாசம் ஆச்சு. திருச்சியில பரீட்சைக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. மொதப் பக்கம் இவகிட்ட இருக்கு, படிச்சாச்சு, ரெண்டாவது இன்னும் தொடவே இல்ல."

"விடுங்க டீச்சர். இந்த வருசம் பாஸ் பண்ணலன்னா கீபோர்ட வித்துருவேன்னு அப்பா சிங்கப்பூர்லேருந்து சொல்லிட்டாரு. வித்தா வித்துட்டுப் போகட்டும்" என்றாள் கலா. சொல்லும்போதே குரல் உடைந்தது.

"பென்சில்ல கிறுக்குனதுதானே? எட்டு மணி வண்டி கண்டக்டருக்குக் குடுத்துட்டேன்" என்றேன்.

"இவதாங்க அழுக்குத் தாளுன்னு மொத அதத் தள்ளிட்டா" என்று அம்மா என் தலையில் ஒன்று வைத்தாள். "அந்த வண்டி எப்ப திரும்பி வரும்?" என்று கேட்டார் டீச்சர்.

பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. நின்றதும் நான்தான் முதலில் ஏறினேன்.

"கடலையத் தின்னு நாலு மணி நேரமாச்சு, இப்ப வந்து திருப்பிக் கேட்டா நான் எங்கிட்டுப் போறது தாயி?" என்றார் கண்டக்டர்.

"கடலை வேணாம்ணே. தாளு."

"அது டூட்டியில இருக்கு" என்று மூன்றாவது சீட்டைக் காட்டினார். ஆடுகிற ஜன்னல் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே, எட்டாக மடித்துச் சொருகியிருந்தார். நான் உருவியதும் கண்ணாடி கடகடவென்று ஆடியது. "தாளக் குடுத்துட்டேன், இந்தச் சத்தத்த யாரு வாங்கிக்கிறது?" என்றார். அம்மா ஒரு செய்தித்தாளை மடித்து நீட்டினாள்.

ஐந்து கோடுகளுக்குக் குறுக்கே ஜன்னல் சட்டத்தின் துரு நீளமாக இறங்கியிருந்தது. பென்சில் எழுத்து மட்டும் அழியவில்லை. கலா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் இடது கையை மறைக்காமல் இருந்தது அப்போதுதான்.

இரண்டு மாதம் கழித்து அவளே கடைக்கு வந்தாள். பாஸ். டீச்சர் வேறு தாளில் பிரதி எழுதிக் கொடுத்துவிட்டாராம். பழையதை என்னிடம் நீட்டி, "அழுக்குத் தாளு, நீயே வச்சுக்கடி" என்றாள்.

அதன்பிறகு நான் ஓரிடத்தில் தங்கவில்லை. திருப்பூரில் பனியன், கொல்லத்தில் முந்திரி, ஓசூரில் ரோஜாத் தோட்டம், நடுவில் ஒரு கல்யாணம், அதுவும் நிலைக்கவில்லை. அந்தத் தாள் மட்டும் பெட்டியின் அடியில் கூடவே வந்தது. இப்போது கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறேன். அங்கே ஒரு பியானோ உண்டு. வாசிக்கும் தம்பி தாளே வைத்துக்கொள்வதில்லை. சிலேட்டு போன்ற ஒரு திரையில் பக்கங்கள் வருகின்றன, காலால் ஒரு கட்டையை மிதித்தால் பக்கம் திரும்புகிறது. ஊரிலும் இப்போது கடலையை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டித்தான் விற்கிறார்கள். தாள் பொறுக்க ஆள் தேவையில்லை.

போன மாதம் ஒரு மதியம் அந்தத் தாளைப் பியானோ வாசிக்கும் தம்பியிடம் கொடுத்தேன். நாலு வரி வாசித்துவிட்டு நிறுத்தினார். "அஞ்சாவது வெரல் வர வேண்டிய எடத்துலெல்லாம் இடது கைக்கு நாலு போட்டிருக்காங்களே" என்று எண்களை உற்றுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவராகவே இடது சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். இத்தனை வருடம் பெட்டியில் சுமந்து திரிந்ததை அன்றுதான் காதால் கேட்டேன்.

"மொதப் பக்கம் எங்கக்கா?" என்றார்.

"கலாகிட்ட இருக்கும் தம்பி."

திரையில் ஏற்றிக்கொள்கிறேன் என்று ஒரு படம் எடுத்தார். துருக்கோடும் படத்தில் விழுந்தது. "இதை அழிச்சிரலாம்க்கா, ஒரு நிமிசம்" என்றார்.

"வேணாம் தம்பி. அது எட்டு மணி வண்டியோடது" என்றேன்.