வலக்கைக் கையுறை

யாரும் ஏறாத அந்தச் சிகரத்தில் முதலில் கால் வைத்தவர் என்று கேப்டனை ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அந்தக் குளிரிலிருந்து பத்து விரலும் முழுசாகத் திரும்பியதைப் பார்த்து டாக்டர்களே அசந்துபோனார்கள். கூட ஏறிய மச்சினன்தான் திரும்பவில்லை. இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது என்று கேப்டன் அறிக்கை கொடுத்தார். மனைவியிடமும் அதையே சொன்னார். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். மேற்கொண்டு ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று இத்தனை வருஷமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை.

அறிக்கை பொய்யில்லை, பாதி உண்மை. கழற்றிய கையுறையைச் சட்டைக்குள் போடு, கீழே வைக்காதே என்று புதுச் சிப்பாய்களைத் திட்டித் தீர்க்கிற மனுஷன், உச்சியில் கொடி கட்டும் அவசரத்தில் தன் வலக்கையுடையதைப் பனிமேல் வைத்தார். காற்று அள்ளிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் மச்சினனின் கையுறை அவர் கையில் இருந்தது. இறக்கத்தில் வழுக்கியவனுக்கு, விறைத்த வெறுங்கையால் பனிக்கோடரியை ஊன்ற முடியவில்லை. கயிறு பாறை விளிம்பில் பட்டு அறுந்தது.

ஓய்வுபெற்ற பிறகு, படைப்பிரிவில் காட்சிக்கூடம் திறக்கிறோம், மலையில் போட்டிருந்ததைக் கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். மனைவி இரும்புப் பெட்டியிலிருந்து கம்பளிக் கையுறைகளை எடுத்து வந்தாள். இரண்டு பேருக்கும் அவள்தான் பின்னிக் கொடுத்தாள். எல்லாம் ஒரே மாதிரி என்றே அவர் நினைத்திருந்தார். வலக்கையுடையதை உள்பக்கம் திருப்பினாள். மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல்.

"எதையாவது தொலைச்சுட்டு வந்து நிப்பான்னு அவனோடதுல மட்டும் அடையாளம் வச்சேன். ஆஸ்பத்திரியில உங்க துணிமணிய வாங்கினப்பவே பாத்துட்டேன்."

கையுறையை அவர் முன்னால் நீட்டினாள்.

"அவனா குடுத்தானா, நீங்க கேட்டீங்களா?"

அவனாகத்தான் கொடுத்தான் என்று சொல்லிவிடலாம். மலையில் வேறு சாட்சி ஏது? ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

வீட்டில் வாய்க்கு வாய் மாமா என்பவன், சீருடையில் அப்படிக் கூப்பிட மாட்டான். மேலதிகாரி கேட்டால் அது உத்தரவு.

"சரி சார்னான்."

அவள் அந்தக் கையுறையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காட்சிக்கூடத்துக்கு இடக்கையுடையது மட்டும் போனது.

அன்று மாலை குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"சரி சார்" என்று எழுந்தாள் மனைவி.