கேட்டில் தொங்கிய பலகை

இன்றைக்கு அவன் வேல்ஸ் நாடாளுமன்றத்தில் பெரிய ஆள். தாய்மொழிக் காவலன் என்று அவன் ஊரில் கொண்டாடுகிறார்களாம். 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அபுதாபி சைட்டில் அவன் எங்கள் மேனேஜர். நான் ரிக்கர், அதாவது கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுக்கிறவன். வந்த புதிதில் யாரோ அவனை இங்கிலீஷ்காரன் என்று சொல்லிவிட, அவன் முகம் சிவந்துபோனது. "நான் வேல்ஸ்காரன். எங்களுக்குத் தனி மொழி இருக்கு" என்றான். டீ நேரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு அந்த மொழியில் கொஞ்சுவான். அவன் பாட்டன் பூட்டன் காலத்தில், பள்ளிக்கூடத்தில் அதைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக ஒரு பலகையை மாட்டிவிடுவார்களாம். என்னிடம் அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. அட, நம்ம ஆளு என்று நினைத்து, ரூமுக்கு வந்து எல்லோரிடமும் பெருமையடித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் சைட் கேட்டில் ஒரு பலகை தொங்கியது. உள்ளே ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும், மீறினால் வேலை போகும்.

பாதுகாப்புக்கு ஒரே மொழி வேண்டும் என்றால் நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிரேன் ஓட்டுகிற பெஷாவர் பாய்க்கே ஆங்கிலம் 'ஸ்டாப்' வரைக்கும்தான் தெரியும். அவரிடம் இந்தியில் பேசித்தான் எல்லா வேலையும் நடந்தது. அது மட்டும் மேலே இருக்கிறவர்கள் யார் காதிலும் விழாது.

ஒருநாள் பைப் கட்டைத் தூக்கும்போது அதைக் கட்டியிருந்த ஸ்லிங் கயிறு நழுவியது. நேர் கீழே ராமநாதபுரத்துப் பையன் ஒருவன், ஹெல்பர், குனிந்து நின்றிருந்தான். "டேய், விலகுடா!" என்று கத்தினேன். பாய்ந்துவிட்டான். அவன் நின்ற இடத்தில் பைப் விழுந்தது.

கிளையண்ட் ஆட்களோடு மேனேஜர் அங்கேயேதான் நின்றான். பையனுக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. "என்ன மொழியில் கத்தினாய்?" என்றான்.

"அவனுக்கு ஆங்கிலம் தெரியாது சார்."

"விதி தெரியுமில்லையா உனக்கு?"

அவ்வளவுதான், கலாஸ். பாதுகாப்பு விதியை மீறியவன் என்று எழுதி விசாவை ரத்து செய்து அனுப்பினார்கள். அந்தப் பெயரோடு எவனும் என்னைக் கிரேன் பக்கம் சேர்க்கவில்லை. தொழில் போயிற்று. இப்போது ஓமானில், சலாலாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவனுக்கு வந்தும் தெரியவில்லையே, அதுதான் வயிறு எரிகிறது.

அவன் ஊருக்குப் போய் முதலில் கவுன்சிலர் ஆனான், பிறகு நாடாளுமன்றம் போனான். ரோட்டுப் பலகையில் தன் மொழி, ஆஸ்பத்திரியில் தன் மொழி என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டான். நான் எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் ஒரு வீடியோ வந்தது. வேலை செய்கிற இடத்தில் ஒருவன் தாய்மொழியில் பேசுவதைத் தடுக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது என்று தன் மொழியில் முழங்குகிறான். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பேசுகிறான். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதன் கீழே தமிழில் எழுதினேன். "ஐயா, அபுதாபியில் உங்கள் கிரேனுக்குக் கீழே நின்றவன் நான். தமிழில் கத்தியதற்காக நீங்கள் வீட்டுக்கு அனுப்பிய ஆள். அந்தப் பையன் உயிரோடு இருக்கிறான், அவனுக்கு இரண்டு பிள்ளைகள். நீங்கள் இப்போது பேசுவது எனக்கும் பொருந்துமா?"

மறுநாள் அவன் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நன்றி, வேல்ஸ் மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் பதில் தருவோம் என்று இருந்தது.

கேட்டில் தொங்கிய பலகையில் ஒரு மொழிதான் இருந்தது. இப்போது இரண்டாகியிருக்கிறது.