மாமாவை உதைத்த துவக்கு

துவக்கைக் கண்டால் காட்டுப்பன்றி ஓட வேண்டும். அதுதான் முறை. எங்கள் தோட்டத்தில் துவக்கைக் கண்டு ஓடியவர்கள் எல்லாம் மனுசர்கள். பன்றிகள் சாவகாசமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த கிழங்குப் பாத்திகளை உழுது கொடுத்துவிட்டுப் போயின.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே, காட்டை ஒட்டிய தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் துரைக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலிருக்கிறது. அவர் பங்களாவிலேயே இருந்தார். துவக்கு அவருடையது. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். விசையை ஐந்து தரம் இழுத்தால் ஐந்து வெடி.

ஒருமுறை குழல் வாயில் மண் அடைத்திருந்தது தெரியாமல் சுட்டதில் வாய் பிளந்துபோனது. பிளந்த இடத்தை ஒரு சாண் அறுத்து எறிந்தார்கள். அப்புறம் பின்கட்டை உடைந்தது. தோட்டத்து ஆசாரி கைக்குக் கிடைத்த லேசான பலகையில் வேறு கட்டை இழைத்துப் போட்டார். முன்னால் குட்டை, பின்னால் லேசு. பார்வைக்கு என்னைப் போல நோஞ்சான். உதையில் மட்டும் கோவேறு கழுதை. கடைசியாக இருந்த காவல்காரர் அதை வைத்து ஒரு பன்றியைச் சுட்டார். பன்றி காட்டுக்குப் போனது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்கு வரிசையாக நிற்கும்போது, துரை தன் தமிழில் அறிவித்தார்.

"ஞாயித்துக்கிழமே. அஞ்சு தகரம், அஞ்சு தோட்டா. தகரம் விழணும். மனுசன் விழக்கூடாது. அவனுக்குக் காவல் வேலே."

காவல் வேலைக்கு யார் ஆசைப்படுவார்கள்? குளிரில் நடுங்கலாம், அட்டை கடிக்கலாம், பன்றியிடம் குத்து வாங்கலாம். ஆனால் அந்த வேலையோடு காட்டோரத்தில் ஒரு தனிக் காம்பரா கிடைக்கும். கல் சுவர், தகரக் கூரை, சமைக்கத் தனிக் குசினி. அந்தக் காம்பராவுக்காக உயிரை விடத் தயாராக ஒருவர் இருந்தார். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா எங்கள் வீட்டு வாசல் திண்ணையில், அதாவது இஸ்தோப்பில், சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார். பணிய லயத்தில், அதாவது கீழே இருந்த லயத்தில், கங்காணியின் மகளை அவருக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் இவரைப் பிடித்திருந்தது. ஏன் என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. வேலிக்குச்சிக்குச் சட்டை மாட்டியது மாதிரி இருப்பார் மாமா. கங்காணி மட்டும் நியாயமாக ஒரு கேள்வி கேட்டார்.

"வேலை இருக்கு. குடிக்க மாட்டே. எல்லாம் சரிதான் தம்பி. எம் புள்ளைய எங்க வப்ப? ஒங்க அக்கா வீட்டு அடுப்புக்குப் பின்னாலயா?"

அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு வந்த அன்று மாமா சோறு தின்னவில்லை. அவர் பங்கையும் நான்தான் தின்றேன். மனசு கேட்காமல்தான் தின்றேன். அப்போது என் தலையைத் தடவிச் சொன்னார்:

"காம்பரா மட்டும் கெடைக்கட்டும்டா மாப்ள. அங்க நீ ராசா மாதிரி காலை நீட்டிப் படுக்கலாம்."

அந்த நிமிஷத்திலிருந்து இது என் வழக்கும் ஆகிவிட்டது.

போட்டிக்கு இன்னும் ஒரே ஒருவர்தான் பேர் கொடுத்திருந்தார். கணக்கப்பிள்ளையின் மச்சான். உரல் மாதிரி ஆள். மாமாவைப் பார்க்கும்போதெல்லாம், "எலும்புக்கு எதுக்குடா துவக்கு? நீ இருமுனாலே விழுந்துருவியே!" என்பார். மாமாவும் சிரித்துவிட்டு வருவார். உண்மையைச் சொன்னால் வேறென்ன செய்ய முடியும்?

பழகிப் பார்க்க துரை இருவருக்கும் ஒரு கைப்பிடித் தோட்டா கொடுத்திருந்தார். துவக்கைத் துடைத்து வைக்கும் வேலையை மாமாவிடமே விட்டிருந்தார். ஏனென்றால் மாமா ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கும் ஆலையில், மிஷின்களுக்கு எண்ணெய் போடுகிறவர். "அசையிறது எதுவா இருந்தாலும் எண்ணெய் கேக்கும்டா" என்பது அவர் வேதம். எங்கள் கதவுக்கு எண்ணெய் போட்டார். அம்மாவின் பாக்குவெட்டிக்குப் போட்டார். அப்பாவுக்கு முழங்கால் நொடித்தால்கூடக் குப்பியோடு வந்து நிற்பார்.

துவக்கின் முன்கட்டையைக் கழற்றினால் உள்ளே பளபளவென்று ஒரு குழாய். அதைச் சுற்றி ஒரு சுருள்கம்பி, ஒரு பித்தளை வளையம். வெடித்தவுடன் மேலே உள்ள பெரிய குழல் அந்தக் குழாயின் மேல் பின்னோக்கி ஓடி வந்து, திரும்பவும் தன் இடத்துக்குப் போகும். ஓடுகிற சாமான் அல்லவா? மாமா அதைக் குளிப்பாட்டினார். துரை கொடுத்த எண்ணெய்க் குப்பி பொன்னிறமாக இருக்கும். பங்களாப் பக்கம் போனால் வருமே ஒரு வாசனை, அப்படி மணக்கும்.

முதல் பழக்கத்தில் மாமா தோளில் தலையணையைக் கட்டிக்கொண்டு சுட்டார். தலையணை இருந்த இடத்திலேயே கிடந்தது. மாமா கானுக்குள் கிடந்தார், தண்ணீர் அவர் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தரம் மாமா, அம்மா கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுத்தாமல் இருக்க வைக்கும் சாக்குத் துணியை எடுத்து மடித்துச் சட்டைத் தோளில் தைத்துக்கொண்டார். கொஞ்சம் தேவலை. முன்பு கானுக்குள் விழுந்தவர் இப்போது கான் ஓரத்தில் விழுந்தார். அம்மாவின் வாய்தான் துவக்கைவிட மோசமாக வெடித்தது.

"ஏன்டா தம்பி, நாளைக்கு நான் கூடைய மொட்டைத் தலையிலயா மாட்டிக்கிட்டுப் போறது? ஒரு பொண்ணுக்காக எந்தலையப் பொளப்பியாடா நீ?"

மூன்றாவது தரம் முட்டுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று முடிவானது. அந்த ஆள் நான். மாமாவின் முதுகில் என் தலையை முட்டி, காலை ஊன்றி நின்றேன். வெடித்ததும் எனக்கு மலை, வானம், மலை, வானம் என்று மாறி மாறித் தெரிந்தது. இருவரும் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு போய், ஒரு கவ்வாத்து வெட்டிய செடியில் மாட்டிக்கொண்டு நின்றோம். மாமா கேட்டார்:

"மாப்ள, இருக்கியா?"

"இருக்கேன் மாமா. கால்சட்டைதான் இல்ல."

மாமாவின் தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. துவக்கு கோபமாக இருக்கிறது என்று நினைத்து, அன்றைக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காட்டோர மண்மேட்டில் தகரங்களை அடுக்கினார்கள். தோட்டமே திரண்டு வந்தது. கங்காணி மகளான பணிய லயத்து அக்காவும் அவள் கூட்டாளிகளோடு வந்து, எங்கோ பார்க்கிற மாதிரி மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் மாப்பிள்ளைத் தோழன் கணக்கில் வந்திருந்தேன். என் தலைமயிர் முள்ளம்பன்றி சாதி, சீப்புக்கு அடங்காது. அன்று மட்டும் படிந்து, வகிடு எடுத்து, வெயிலில் தகதகவென்று மின்னியது.

முதலில் கணக்கப்பிள்ளையின் மச்சான். காலில் சப்பாத்தெல்லாம் போட்டு வந்திருந்தார். முதல் வெடியில் ஒரு தகரம் பறந்தது. கூட்டம் கை தட்டியது. இரண்டாவது வெடியில் அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே விட்ட மூன்றாவது தோட்டா நேரே ஆகாயத்துக்குப் போனது.

"அண்ணே, தகரம் கீழ இருக்கு! மேல தேடாதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். துரை ஓடிப்போய்த் துவக்கைப் பிடுங்கினார்.

பறந்த தகரத்தைத் திரும்ப அடுக்கினார்கள். அடுத்து மாமா. சுடுவதற்கு முன் முன்கட்டையைக் கழற்றி, துணியால் குழாயைச் சுத்தமாகத் துடைத்தார். பழைய எண்ணெயைத் துடைத்தால்தான் புது எண்ணெய் பிடிக்கும் என்பது ஸ்டோர் பழக்கம். பிறகு கையை நீட்டினார்.

"மாப்ள, குப்பி."

கொடுத்தேன். கவிழ்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. குலுக்கினார். குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். குனிந்து மோந்து பார்த்தார்.

"அடப் பாவி மவனே!"

"விசேஷத்துக்கு வந்துருக்கோமே மாமா..."

"குப்பி பூராவுமாடா?"

"மொதல்ல படியல மாமா. அதுக்கப்புறம்தான் பூராவும் ஊத்துனேன்."

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கையில் இருந்த துணியால் என் தலையைப் பரபரவென்று தேய்த்தார். கொஞ்சமாவது திரும்பக் கிடைக்குமா என்று பார்த்தாரோ, இல்லை மண்டையை உடைக்கத்தான் பார்த்தாரோ. அதற்குள் துரை, "ஏய்! வா! மழே வரும்!" என்று கத்தினார். சாமி இல்லாத தேர் மாதிரி, எண்ணெய் இல்லாத மிஷினோடு மாமா நடந்துபோனார். மாமா செத்தால் காம்பரா போய்விடும். சாகாமல் வந்தால் என் உயிர் போய்விடும்.

மாமா துவக்கைத் தோளில் வைத்தார். அப்போது கூட்டத்திலிருந்து அம்மாவின் குரல்.

"தம்பி! நிமுந்து நிக்காதடா! நெறஞ்ச கூடையோட ஏத்தம் ஏறுற மாதிரி முன்னுக்குச் சாஞ்சு நில்லு!"

மாமா ஒரு காலை முன்னே வைத்து, மூக்கு மலையில் முட்டுகிற மாதிரி சாய்ந்தார். நான் காதைப் பொத்திக் கண்ணையும் மூடினேன்.

டமார்.

யாரும் விழுகிற சத்தம் கேட்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தேன். மாமா நின்றுகொண்டிருந்தார். அவருக்கே நம்பிக்கை இல்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். முதல் தகரம் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. பெரிய குழல் மரியாதையாகப் பின்னால் வந்து, மரியாதையாக முன்னால் போனது, துரைக்குச் சலாம் போடுகிற மாதிரி.

டமார். இரண்டாவது தகரம். மாமாவின் தோள் லேசாக ஆடியது, யாரோ கூப்பிட்டுத் தட்டினது மாதிரி. டமார். மூன்று. இப்போது மாமாவின் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. டமார். நான்கு. கூட்டம் எண்ண ஆரம்பித்துவிட்டது. ஐந்தாவதற்கு மாமா கொஞ்சம் நிறுத்தி, பணிய லயத்துக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுட்டார். தகரம் மண்மேட்டைத் தாண்டிக் காட்டுக்குள் போய் விழுந்தது. உள்ளே ஒரு பன்றி அலறி ஓடிய சத்தம் கேட்டதாக நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

யாரோ தப்பை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து உதறி, திரும்பக் கட்டினார்.

துரை மட்டும் சந்தேகத்தோடு வந்து முன்கட்டையைக் கழற்றினார். குழாயில் விரலை வைத்துத் தடவினார். விரல் காய்ந்திருந்தது.

"எண்ணெய் எங்கே?"

மாமா என் தலையைக் காட்டினார். துரை என் தலையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனுசர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பித்தளை வளையத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது பிடிக்கணும். பிடிச்சுப் பிடிச்சு, குழல் மெதுவா வரணும். எண்ணெய் நெறைய போட்டா பிடிக்காது. ஓடி வந்து மனுசனே அடிக்கும்!"

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, நம்ம ஸ்டோர் பெல்ட்டு மாதிரிங்களா தொரை? எண்ணெய் பட்டா வழுக்கிக்கிட்டு ஓடுமே! தெனம் பாக்குறேன், புத்தியில ஏறலையே!"

இத்தனை நாளும் அந்த உதைக்குத் தீனி போட்டு வளர்த்தவர் மாமாதான். தோளும் அவருடையது, எண்ணெயும் அவர் ஊற்றியது. கணக்கப்பிள்ளையின் மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப என்னைய உதைச்சது நீதானாடா!" என்று சப்பாத்தைக் கழற்றினார். அதற்குள் நாலு பேர் மாமாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். வீங்கிய தோளில் கை பட்டபோதெல்லாம் மாமா "ஐயோ" என்றார். ஜனங்கள் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் தட்டினார்கள். என்னையும் தூக்கினார்கள், வழுக்கியதால் உடனே இறக்கிவிட்டார்கள்.

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். முனியாண்டி கோயிலில் மாலை மாற்றி, மாலையில் எல்லோருமாக மாமாவையும் புது அத்தையையும் காட்டோரக் காம்பராவுக்குக் கூட்டிக்கொண்டு மலை ஏறினோம். தப்பு முன்னால் போனது. அதற்கும் முன்னால் நான் போனேன். என் கையில் ஒரு மூட்டை: இன்னொரு கால்சட்டை, கவட்டை வில், என் சோற்றுத் தட்டு, என் சாக்கு. முதல் ஆளாக உள்ளே போய், ஜன்னல் ஓரமாகச் சாக்கை விரித்து, காலை நீட்டிப் படுத்து அளவு பார்த்தேன். சரியாக இருந்தது.

வாசலில் நின்ற ஜனம் அப்படியொரு சிரிப்புச் சிரித்தது. மாமா கூரையைப் பார்த்தார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"மாமாதானே சொன்னாரு, காலை நீட்டிப் படுக்கலாம்னு?" என்றேன்.

"எந்திரிடா எரும! இது அவங்க ரெண்டு பேருக்கும்டா!" என்று அம்மா காதைப் பிடித்துத் திருகி வெளியே இழுத்து வந்தாள்.

தப்படித்துக்கொண்டே எல்லோரும் இறங்கினார்கள். நான் மூட்டையோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். கணக்கில் நான் எப்போதும் மட்டம்தான். ஆனாலும் எங்கள் காம்பராவில் ஆறு பேர் படுக்கிறோம், இது அதைவிடப் பெரியது, இதில் இரண்டே பேர். அத்தனை இடம் மீதி கிடக்கும்போது, நாங்கள் வளைவைத் தாண்டுவதற்கு முன்னாலேயே எதற்காக அவ்வளவு அவசரமாகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.